பார்ப்போம் என்பது பதில் அல்ல

மாடு வாங்கப் போகிறவன் மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பான். சுழி பார்ப்பான். வாலைத் தொட்டுப் பார்ப்பான். கொஞ்ச தூரம் நடக்கவிட்டுப் பார்ப்பான். பிறகு துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலைப் பேச்சை முடிப்பான், அல்லது வேண்டாம் என்று அடுத்த மாட்டுக்குப் போவான். சந்தை கலைவதற்குள் இரண்டில் ஒன்று நடந்துவிடும். மாட்டைத் தன் புஞ்சைக்கு ஓட்டிக்கொண்டுபோய் முழுவதையும் உழுது முடித்துவிட்டு, “உழவு நல்லாத்தான் இருக்கு, வண்டியில எப்படிப் போகுதுன்னு பார்ப்போம்” என்று சொன்ன சம்சாரியை நான் எங்கும் கண்டதில்லை. அப்படிச் சொன்னால் மாட்டுக்காரன் தார்க்குச்சியால் பதில் சொல்லியிருப்பான்.

மனுஷன் விஷயத்தில் மட்டும் இது செல்லுபடியாகிறது. அதிலும் படம் போடுகிறவன், பாடுகிறவன், வேஷம் கட்டுகிறவன் என்றால் கேட்கவே வேண்டாம். இன்றைக்கு இதை இண்டர்வியூ என்கிறார்கள். அன்றைக்குப் பரீட்சை என்றார்கள். ஒருவனுடைய கையைத் தெரிந்துகொள்ள எவ்வளவு நேரம் வேண்டும்? ஒரு மரம் வரையச் சொன்னால் போதும். எங்கே தொடங்குகிறான், எங்கே தயங்குகிறான் என்பதை வண்ணம் காய்வதற்குள் கண்டுகொள்ளலாம். அதற்குப் பிறகும் பார்த்துக்கொண்டிருக்கிறவன் தன் லாபத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். இதை நான் சங்கரன்கோவிலில், ஒரு நாடகக் கொட்டகையில் தெரிந்துகொண்டேன்.

யுத்தம் முடிந்த சமயம். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு வெளியேறியவன் நான். கோவில்பட்டிப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸில் லேபிள் ஒட்டினேன். பிறகு கடைப் பலகை எழுதுகிற ஒருவரிடம் தூரிகை கழுவினேன். அவர் குடித்துவிட்டுப் படுத்த நாட்களில் பலகையை நானே எழுதினேன். அப்படித்தான் தொழில் கைக்கு வந்தது. அதன் பிறகு ஊர் ஊராகப் போய் மாட்டுக் கொம்புக்கு வண்ணம் அடித்திருக்கிறேன், வண்டிச் சட்டத்தில் கிளி வரைந்திருக்கிறேன், கோயில் சுவரில் காவிப் பட்டையும் வெள்ளைப் பட்டையும் அடித்திருக்கிறேன். வேலை இருந்த ஊரில் தங்கினேன். இல்லாவிட்டால் நடந்தேன்.

அப்போது ரேஷன் காலம். வீடு இருக்கிறவனுக்கு அட்டை இருந்தது, அட்டை இருக்கிறவனுக்கு அரிசி கிடைத்தது. என்னைப்போல ஊர் சுற்றுகிறவனுக்குக் கிளப்கடையில் எது கிடைக்கிறதோ அதுதான். பல நாள் அவித்த மரவள்ளிக்கிழங்குதான் கிடைத்தது. அதனால் ஒரு நாடகக் கம்பெனி சங்கரன்கோவிலில் கொட்டகை போட்டிருக்கிறது, படுதா எழுத ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அன்றைக்கே கிளம்பினேன். கம்பெனியில் சேர்ந்தால் இரண்டு வேளைச் சோறு. படுக்க இடம். ஊர் ஊராகப் போகிற சுகமும் இருக்கும், நடக்கவும் வேண்டாம். எனக்கென்றே செய்த வேலை என்று நினைத்தேன்.

படுதா என்பது மேடையின் பின்னால் தொங்குகிற திரை. காடாத் துணியில் வஜ்ஜிரப் பசை கலந்த வண்ணத்தால் தெரு, காடு, அரண்மனை என்று எழுதி வைத்திருப்பார்கள். அந்தக் கம்பெனியின் படுதாக்கள் மழையில் நனைந்து, அரண்மனைத் தூணெல்லாம் வழிந்து மெழுகுவத்தி மாதிரி நின்றன.

முதலாளி திருநெல்வேலிக்காரர். எந்த நேரமும் வாயில் வெற்றிலை. யாரையும் கோபித்துப் பேச மாட்டார். என்னைப் பார்த்து, “ஒரு தெரு சீன் எழுதிக் காட்டு தம்பி” என்றார்.

எழுதினேன். தெருவின் கடைசியில் ஒரு கோபுரம், இரண்டு பக்கமும் வீடுகள், ஒரு வீட்டு வாசலில் படுத்திருக்கிற நாய். நாய் அவருக்குப் பிடித்தது.

“கை இருக்கு தம்பி. காடு எப்படி வருதுன்னு பார்ப்போம்.”

அன்று மாலையே என் தெரு மேடை ஏறியது. ராஜபார்ட்காரர் அதற்கு முன்னால் நின்று பாடினார். நான் இன்னும் பரீட்சையில் இருந்தேன்.

காடு எழுதினேன். “காடு ஜோரா இருக்கு. அரண்மனைதாம்டே கஷ்டம். அதையும் பார்ப்போம்” என்றார். அரண்மனை எழுதினேன். “ஜெயில் ஒண்ணு இல்லாம நாடகம் உண்டா? பார்ப்போம்” என்றார். ஜெயிலும் எழுதினேன். ஒவ்வொன்றும் காய்ந்தவுடன் மேடைக்குப் போயிற்று. பழைய படுதாக்களைக் கிழித்துச் சமையல்காரனிடம் கொடுத்துவிட்டார்கள். அவன் அவற்றைக் கொண்டு சோற்றுப்பானை இறக்கினான். அப்படியும் நான் கம்பெனி ஆள் ஆகவில்லை. கம்பெனி ஆட்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு, இரண்டாம் பந்தியில் பகல் சாப்பாடு மட்டும் எனக்கு உண்டு. சாம்பார் தீர்ந்திருந்தால் தீர்ந்ததுதான். ராத்திரிக்கு என் பாடு. மேடைக்கு அடியில் படுத்துக்கொள்ள அனுமதி இருந்தது. தலைக்கு மேலே ஆட்கள் குதிக்கிறபோது புழுதி விழும். துண்டால் மூடிக்கொண்டால் தூக்கம் வந்துவிடும்.

கம்பெனியில் பபூன் வேஷக்காரர் ஒருவர் இருந்தார். ஒல்லியான உடம்பு, பெரிய காது. நான் சோற்றுக்கு உட்காரும்போது பக்கத்தில் வந்து குத்தவைத்துக்கொள்வார்.

“என்னவே, இன்னைக்கு என்ன பரீட்சை?”

“தோட்டம் எழுதச் சொல்லியிருக்காரு.”

“தோட்டத்துக்குப் பொறவு கடலு. கடலுக்குப் பொறவு கைலாசம். கைலாசம் எழுதி முடிக்கையில நீரே அங்கன போயிருவீரு.”

“உம்மள எத்தன நாள் பாத்தாரு வே?”

“என்னையா? இன்னும் பாத்துக்கிட்டுத்தான் இருக்காரு” என்று காதைச் சொறிந்தார். “நான் வந்தப்ப எனக்கு மீச மொளைக்கல. இப்பம் நரைக்குது. நோட்டீஸ்ல எல்லார் பேரும் போடுவாரு. எனக்கு மட்டும் ‘மற்றும் பலர்’.”

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் இலையில் விழுந்திருந்த சோற்றைப் பார்த்தேன். இது கூலியும் இல்லை, பிச்சையும் இல்லை. இரண்டில் எது என்று சொல்லிவிட்டால்கூடச் சாப்பிடுவதற்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஆடி பிறந்தது. ஊருக்குள் ஆடித் தபசுத் திருவிழாவுக்குக் கொடி ஏறியது. சிவகிரி, வாசுதேவநல்லூர், திருவேங்கடம் எல்லாத் திசையிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு சனங்கள் வரத் தொடங்கினார்கள். தபசன்று அந்த ஊரில் நிற்க இடம் இருக்காது. சிவன் பெரியவரா, பெருமாள் பெரியவரா என்ற சண்டை தீருவதற்காக அம்மன் ஒற்றைக் காலில் தபசு நிற்பாள். உத்திராடத்தன்று இருவரும் ஒரே உடம்பாக, வலப்பாதி சிவனும் இடப்பாதி நாராயணனுமாக வந்து காட்சி கொடுப்பார்கள். சம்சாரிகள் தங்கள் காட்டில் விளைந்த பருத்தியையும் மிளகாய் வத்தலையும் அள்ளி வீசுவார்கள்.

முதலாளி அந்தக் கூட்டத்துக்கென்று தபசு நாடகம் ஏற்பாடு செய்திருந்தார். கடைசிக் காட்சியில் படுதா விழும்போது மேடை முழுக்கச் சங்கரநாராயணர் நிற்க வேண்டும். அதை நான் எழுத வேண்டும்.

“இதுதாம்டே பெரிய பரீட்சை” என்றார். “சாமி வந்துருச்சுன்னா மத்ததெல்லாம் பார்ப்போம்.”

அப்போது கேட்டுவிட்டேன். “மொதலாளி, நான் சேந்தாச்சா, இல்லையா?”

அவர் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு ஒதுக்கினார். “அம்மனே ஒத்தக் கால்ல நின்ன ஊருடே இது. நீ ரெண்டு கால்லயும் நிக்கே. ஒனக்கு என்ன அவசரம்?”

“அம்மன் தபசுக்கு நாள் இருக்கு மொதலாளி. உத்திராடத்தன்னைக்குச் சாமி வந்துருவாரு. நீங்க என்னைக்கு வருவிய?”

பக்கத்தில் வசனம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். பபூன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். முதலாளிக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவர் என் தோளில் தட்டினார்.

“தம்பிக்கு வாயும் இருக்கு! சின்ன வேஷம் ஒண்ணு குடுத்து, வசனம் எப்படிப் பேசுதான்னு பார்ப்போம்.”

அந்த மனிதரிடம் எதைக் கொடுத்தாலும் அது பரீட்சை ஆகிவிடும் என்று எனக்கு அப்போது விளங்கியது. ஆமாம் என்றால் சோறு போட வேண்டும். இல்லை என்றால் படுதா எழுத ஆள் இருக்காது. பார்ப்போம் என்றால் இரண்டு நஷ்டமும் இல்லை. அந்த ஒரு வார்த்தையில் அவர் ஒரு கம்பெனியே நடத்திக்கொண்டிருந்தார்.

துணியை விரித்தேன். பெரிய படம் எழுதுகிற முறை ஒன்று உண்டு. முதலில் கரியால் முழு உருவத்துக்கும் கோடு போட வேண்டும். பிறகு எல்லா இடத்திலும் அடி வண்ணம் பரவலாகப் போட்டு, கடைசியில் நகை, முகம், கண் என்று வர வேண்டும். அன்றைக்கு நான் அந்த முறையை விட்டேன். நெற்றியிலிருந்து பாதம் வரை நடுவில் நூல் பிடித்து ஒரு கோடு இழுத்தேன். வலப்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டேன். சடை, பிறை, பாம்பு, திருநீற்று மேனி, புலித்தோல், கையில் மழு. ஒரு கண்ணையும் திறந்துவிட்டேன். நான் எழுதியதிலேயே நல்ல கண் அதுதான். இடப்பாதியில் கரிக்கோட்டைக்கூடத் துடைத்துவிட்டேன். வெறும் காடாத் துணி.

தபசுக்கு முந்தின நாள் காலையில் முதலாளி பார்க்க வந்தார். படுதாவைக் கயிற்றில் ஏற்றித் தூக்கிக் காட்டினேன். முதலில் அந்தக் கண்ணைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு கும்பிட்ட கை அப்படியே நின்றது.

“மீதி எங்கடே?”

“மீதியப் பார்ப்போம் மொதலாளி.”

முதலாளி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

“தம்பி, இது சாமி விஷயம். வெளாட்டு வேண்டாம்.”

“வெளாடல. நீலம் கரைச்சு வச்சிருக்கேன். மஞ்சள் அரைச்சு வச்சிருக்கேன். சங்கும் கிரீடமும் கையிலயே இருக்கு. நீங்க ஒரு வார்த்தை சொல்லணும். சேத்தாச்சுன்னு சொன்னா இப்பமே எழுதுதேன். வேண்டாம்னு சொன்னாலும் எழுதி முடிச்சுக் குடுத்துட்டுப் போயிருதேன். ரெண்டுல ஒண்ணு.”

“வேண்டாம்னு சொன்னாலுமா?”

“ஆமா. வேண்டாங்கிறதும் ஒரு பதிலுதான?”

உண்மையாகவே சொன்னேன். அவர் அன்றைக்கு வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நாராயணனை மனநிறைவோடு எழுதிவிட்டுப் போயிருப்பேன். அவர் என்னைப் பார்த்தார், படுதாவைப் பார்த்தார், கொட்டகை வாசலில் போய்க்கொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்தார். வாய் திறந்தது. எல்லோரும் காத்திருந்தோம்.

“நீ முதல்ல எழுது தம்பி. பொறவு பார்ப்போம்.”

நான் தூரிகைகளைக் கழுவினேன். துணியில் சுற்றிக் கட்டினேன். கரைத்து வைத்திருந்த நீலத்தை மூடிவைத்தேன். யாராவது எழுதுவதென்றால் எழுதட்டும். வண்ணத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. பபூன் கொட்டகை வாசல் வரை பின்னால் வந்தார்.

“உமக்கு என்ன கோட்டி பிடிச்சிருக்கா வே? ராத்திரி சோத்துக்கு எங்க போவீரு?”

“இங்கன இருந்தாலும் ராத்திரி சோறு இல்ல வே.”

அவர் கொட்டகைக்குள் திரும்பினார்.

தபசன்று கூட்டத்தோடு கூட்டமாகக் காட்சி பார்த்தேன். தலைமேல் வத்தல் விழுந்தது. யாரோ அன்னதானம் போட்டார்கள், சாப்பிட்டேன். கூட்டத்தோடு ஒரு சத்திரத்துத் தாழ்வாரத்தில் படுத்துக்கொண்டேன். மறுநாள் காலை, மடியில் மிச்சமிருந்த சில்லறையோடு ராஜபாளையம் போகிற பஸ்ஸுக்காக நின்றேன். அப்போதெல்லாம் கரி பஸ். பின்னால் ஒரு பெரிய உருளையில் கரியைப் போட்டுப் பற்றவைத்து, கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் காற்று ஊதுவார்கள். நெருப்பு நன்றாகப் பிடித்தால்தான் வண்டி கிளம்பும். கிளீனர் சுற்றிக்கொண்டிருந்தான். பிரயாணிகள் அவனைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

அப்போது பபூன் ஓடிவந்தார். முகத்தில் அரிதாரம் பாதி கலைந்து, காதோரம் வெள்ளை அப்பியிருந்தது.

“நல்லவேளை, போகல நீரு” என்று மூச்சு வாங்கினார். “வே, நேத்து நடந்தது தெரியுமா உமக்கு?”

“என்ன?”

“அந்த வெறும் பாதியில மொதலாளி ஒரு மஞ்சப் பட்ட தொங்கவிட்டுட்டாரு. மாலை ஒண்ணையும் மாட்டி மறைச்சாச்சு. தூரத்துல இருந்து பாத்தா பெருமாளு மாதிரிதான் இருந்துச்சு. படுதா எறங்குது. சனமெல்லாம் எந்திரிச்சுக் கன்னத்துல போட்டுக்கிடுதாங்க. ஆடிக் காத்து சும்மா இருக்குமா? அடிச்சுது பாரும் ஒரு அடி. பட்டு பறந்து ஆர்மோனியக்காரரு தலையில விழுந்துட்டு. இந்தப் பக்கம் செவன் ஒத்தக் கண்ணால முழிக்காரு. அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்ல!”

பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் இரண்டு மூன்று பேர் இந்தப் பக்கம் திரும்பினார்கள். பார்வையாளர் கிடைத்ததும் பபூனுக்குக் குரல் ஏறியது.

“திருவேங்கடத்துப் பக்கத்து ஆளு ஒருத்தரு, நெத்தியில பெரிய நாமம், பெஞ்சு மேல ஏறி நின்னுட்டாரு. ‘எங்க பெருமாள எங்கலே?’ன்னு ஒரே சத்தம். அவரு ஏறினதும் நாலு பேரு ஏறிட்டாங்க. கொட்டகையப் பிரிச்சிருவாங்க போல இருந்துச்சு. மொதலாளி பக்கத்துத் தட்டிக்குப் பின்னால நின்னு கையக் கைய ஆட்டுதாரு. யாரும் மேடைக்குப் போகல. நான் போனேன்.”

“போயி?”

“நாமக்காரரப் பாத்து, அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதிய. பெருமாளு வந்துட்டாரு. உள்ளதான் நிக்காரு. ஆனா மொதலாளி இன்னும் சேக்கல. ‘சங்கு ஊதிக் காட்டும், பார்ப்போம்’னு சொல்லியிருக்காருன்னேன்.”

பஸ் நிலையமே சிரித்தது. கைப்பிடி சுற்றிக்கொண்டிருந்த கிளீனர்கூட நிறுத்திவிட்டுச் சிரித்தான். “சுத்துலே மூதி!” என்று கண்டக்டர் கத்தினார்.

“கொட்டகை குலுங்கிப்போச்சு வே. நாமக்காரரும் சிரிச்சுட்டாரு. நம்ம ஆட்களுக்கெல்லாம் சிரிப்ப அடக்க முடியல. ராஜபார்ட்டு தலைப்பாவ எடுத்து மூஞ்சிய மூடிக்கிட்டாரு.”

“மொதலாளி உம்மள என்ன சொன்னாரு?”

“என்ன சொல்லுவாரு?” காதைச் சொறிந்தார். “‘நல்லாத்தான் சமாளிச்சே, நோட்டீஸ்ல பேரு போடுதத பார்ப்போம்’னாரு.”

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவர் என் தூரிகைக் கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“சரி, வாரும். ஒமக்காகத்தான் ஓடியாந்தேன். மொதலாளி கூப்பிடுதாரு. இன்னும் மூணு ஊருக்குத் தபசு நாடகம் கேட்டிருக்காங்க. மீதிப் பாதி வேணும். ஒம்மள சேத்துக்கிட சம்மதிச்சுட்டாரு.”

வயிறு அந்த நேரத்தில் பேசியது. பொய் சொல்ல மாட்டேன். கால் ஒன்று கொட்டகை இருந்த திசையில் திரும்பியும்விட்டது. முதல் பந்தி, ராத்திரிச் சோறு, ஊர் ஊராக வண்டியில் போவது எல்லாம் கண்ணில் தெரிந்தன.

“அவரு வாயால என்ன சொன்னாரு? அப்படியே சொல்லும்.”

“அதான் சொன்னேனே, சேத்துக்கிடுதாருன்னு.”

“வே, சேத்துக்கிட்டேன்னாரா, சேத்துக்கிடலாம்னாரா?”

பபூன் என் முகத்தைப் பார்த்தார். ஆயிரம் பேரை ஒரு பொய்யால் உட்கார வைத்துவிட்டு வந்த மனிதர் அவர். எனக்கு ஒரு சின்னப் பொய் சொல்ல அவரால் முடியவில்லை. கட்டைப் பிடித்திருந்த கையை எடுத்துக்கொண்டார்.

“லாம்னுதான் சொன்னாரு.”

உருளைக்குள் நெருப்புப் பிடித்து உறுமியது. கண்டக்டர், “ஏறு, ஏறு” என்றார். நான் ஏறினேன். அந்த இரண்டு எழுத்து எனக்குப் போதுமானதாக இருந்தது. நான் அதிகம் படித்தவன் இல்லை. ஆனாலும் தமிழில் ‘லாம்’ என்று முடிகிற வேலை எதுவும் வேலை இல்லை என்பது எனக்குத் தெரியும்.

ஜன்னல் வழியாகச் சொன்னேன்: “மீதியை அவரையே எழுதச் சொல்லும். எப்படி வருதுன்னு பார்ப்போம்.”

“அவரு எழுதினா பெருமாளுக்கும் எனக்கும் வித்தியாசம் தெரியாது வே!” என்று பபூன் கத்தினார்.

வண்டி நகர்ந்தது. புகையில் அவர் மறைந்துபோனார். வாசுதேவநல்லூர் ஏற்றத்தில் நெருப்புச் செத்து வண்டி நின்றது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம். அன்றும் அதற்கு மறுநாளும் எனக்குச் சோறு இல்லை. ராஜபாளையத்தில் வண்டிப் பட்டறை ஒன்றில் வேலை கேட்டேன். பட்டறைக்காரர் ஒரு கரித்துண்டைக் கொடுத்துச் சுவரைக் காட்டினார். கிளி ஒன்றைப் போட்டேன். வால் முடிவதற்குள், “வேண்டாம்ப்பா, இங்க ஆள் இருக்கு. போறப்ப கஞ்சி குடிச்சிட்டுப் போ” என்றார்.

அந்தக் கஞ்சியை நான் உட்கார்ந்து, நிதானமாக, இரண்டு தடவை வாங்கிக் குடித்தேன்.